உயிரோடு திரும்பி வர ஒரு கடையா?

நவம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் பத்திரிகை, டி.வி., இணையம் எங்கே திரும்பினாலும் ஒரே பாட்டு. பிளாக் ஃப்ரைடே கூட்டத்தில் பிழைத்து வருவது எப்படி? பத்து யோசனைகள், பதினைந்து யோசனைகள். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கம்மியாகக் குடியுங்கள் (வரிசையை விட்டு நகர முடியாதே!). கடையின் எந்த மூலையில் எது இருக்கிறது என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒருவர் பில் போடுகிற இடத்தில் நிற்கட்டும், இன்னொருவர் ஓடிப்போய்ச் சாமானைப் பிடிக்கட்டும்.

எவரெஸ்ட் ஏறப் போகிறவனுக்குச் சொல்கிற புத்திமதி மாதிரி இருக்கிறது. போவது என்னவோ ஒரு டி.வி. வாங்க!

இந்த யோசனைகளை எழுதுகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. காசு கொடுத்துச் சாமான் வாங்கப் போகிற இடத்திலிருந்து ஒருத்தர் ஏன் "பிழைத்து" வர வேண்டும்? கடைக்காரன் அல்லவா வாடிக்கையாளரைப் பத்திரமாக உள்ளே விட்டுப் பத்திரமாக வெளியே அனுப்ப வேண்டும்? அந்த வேலையைத் தூக்கி வாங்க வருகிறவன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு "டிப்ஸ்" என்று பெயர் வைத்தாகிவிட்டது. அன்றைக்கு அடிமாட்டு விலைக்குப் போடுகிற சாமானுக்குக் கடைகள் வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள். டோர்பஸ்டர். கதவை உடைப்பது. விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அப்புறம் கதவு உடைந்தால் "ஐயோ, ஜனங்கள் மிருகமாகிவிட்டார்கள்" என்று புலம்புவது எந்த ஊர் நியாயம்?

கதவு நிஜமாகவே உடைந்திருக்கிறது. 2008 நவம்பர் 28, விடிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால், நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரின் வால்மார்ட் கடை. வெளியே ஏறக்குறைய 2000 பேர். கதவு பிய்ந்து விழுந்தது. உள்ளே வாசலில் நின்றிருந்த 34 வயது ஊழியர் ஒருவர் மிதிபட்டுச் செத்துப் போனார். அவர் அந்தக் கடையின் நிரந்தர ஊழியர்கூட இல்லை. சீசனுக்காக ஒரு ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஆள். ஆள் நல்ல உயரம், வாட்டசாட்டம் என்பதால் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கூட்ட நெரிசலைச் சமாளிக்க அவருக்குக் கொடுத்திருந்த ஆயுதம் அவருடைய உடம்பு மட்டும்தான். கர்ப்பிணிப் பெண் ஒருவர் உட்பட இன்னும் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊழியர் இறந்துவிட்டார், கடையை மூடுகிறோம் என்று சொன்னபோது, நேற்றுக் காலையிலிருந்து வரிசையில் நிற்கிறோமே என்று சிலர் சண்டைக்குப் போனதாகவும் அப்போது செய்தி வந்தது.

அந்தக் கடைசிச் செய்தியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மனிதாபிமானம் செத்துவிட்டது, பேராசை, நுகர்வு வெறி, இத்யாதி இத்யாதி. பேசச் சுலபமான விஷயம். ஆனால் நெரிசல் என்பது பேராசையால் மட்டும் நடப்பதில்லை. அது கொஞ்சம் பௌதிகம். ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்து நிற்கும்போது பின்னால் இருப்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் இருப்பவனால் நினைத்தாலும் நிற்க முடியாது. தேர்த் திருவிழாவுக்குப் போய் வந்த எவருக்கும் இது புரியும். கால் தரையில் பட்டதா இல்லையா என்றே தெரியாமல் இருபது அடி நகர்ந்திருப்போம். அதனால்தான் கூட்டம் கூட்டுகிறவன் தடுப்பு போட வேண்டும், டோக்கன் கொடுக்க வேண்டும், ஐம்பது ஐம்பது பேராக உள்ளே விட வேண்டும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, ஊர்க் கோயில் தர்மகர்த்தாவுக்குத் தெரிந்த விஷயம்.

தண்டனை என்ன தெரியுமா? வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசுத் துறை 2009-ல் போட்ட அபராதம் 7000 டாலர். அந்தக் காசையும் கட்ட மனசில்லாமல் அந்த நிறுவனம் வருடக்கணக்கில் வழக்காடியது. 7000 டாலர் அந்த நிறுவனத்துக்குக் காது குடைகிற காசு. ஆனால் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! மாவட்ட அரசு வழக்கறிஞரோடு தனியாக ஓர் உடன்பாடு போட்டு, ஏறக்குறைய 20 லட்சம் டாலர் சமூகப் பணிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒதுக்கி, கிரிமினல் வழக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். 20 லட்சம் கொடுக்கத் தயார், 7000 கொடுக்கத் தயாரில்லை. இதில் எது கௌரவப் பிரச்சினை என்று யோசித்தால் எல்லாம் விளங்கும்.

சரி, இவ்வளவு அடிதடிக்கும் நடுவில் அப்படி என்னதான் கிடைக்கிறது?

விளம்பரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கடைக்குக் குறைந்தது ஐந்து உருப்படிகள் இருக்கும் என்கிற மாதிரி. வெளியே முந்நூறு பேர் நிற்கிறார்கள். உள்ளே அந்த விலைக்கு ஐந்து டி.வி. மீதி 295 பேர் என்ன செய்வார்கள்? ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவானா? அந்த நேரத்தில் கண்ணில் பட்டது எதுவோ அதை அள்ளிக்கொண்டு வருவான். அவன் அள்ளுவதில்தான் கடைக்கு லாபம். ஐந்து டி.வி.யில் வரும் நஷ்டம் விளம்பரச் செலவு, அவ்வளவுதான். தூண்டிலில் மாட்டுகிற புழுவுக்கு மீன்காரன் கணக்குப் பார்ப்பானா?

அந்த டி.வி.யும் வருஷம் முழுக்க அலமாரியில் இருந்த அதே டி.வி.யா என்றால், பல சமயம் இல்லை. இந்த விற்பனைக்கென்றே தனி மாடல் எண் போட்டு, ஒரு செருகுமுனையைக் குறைத்து, பேனலைக் கொஞ்சம் மட்டமாக்கி வருகிற சரக்கு உண்டு. தனி எண் என்பதால் மற்றக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. கில்லாடித்தனம்.

"அடித்துப் போட்ட பழைய விலை" இன்னொரு கூத்து. 100 டாலர் என்று எழுதி, குறுக்கே கோடு கிழித்து, 60 என்று போட்டால் 40 லாபம் என்று மனசு துள்ளுகிறது. அந்த 100-க்கு யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்று மனசு கேட்பதில்லை. பழைய விலை நிஜமானதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. சொல்லி என்ன?

இந்த விளையாட்டே வேண்டாம் என்று ஒரு கடை நினைத்துப் பார்த்தது. 2012-ல் ஜே.சி. பென்னி. ஆப்பிள் கடைகளை வெற்றிகரமாக நடத்திக் காட்டிய ரான் ஜான்சன் தலைமைப் பொறுப்புக்கு வந்து, கூப்பன் கிடையாது, போலிப் பழைய விலை கிடையாது, எல்லா நாளும் ஒரே நியாய விலை என்று அறிவித்தார். அந்த ஒரே வருடத்தில் விற்பனை சுமார் 25 சதவீதம் விழுந்தது. 2013 ஏப்ரலில் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூப்பன் திரும்ப வந்தது. ஜனங்களுக்குக் குறைந்த விலை வேண்டாமாம், விலை குறைந்த சந்தோஷம்தான் வேண்டுமாம் என்று கடைக்காரர்கள் இதற்குப் பாடம் எழுதிக்கொண்டார்கள். பல வருஷமாகக் கூப்பனைக் காட்டிக் காட்டிப் பழக்கியது யார் என்பதை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை.

கடைகள் செய்த இன்னொரு வேலையும் அதிகம் பேசப்படுவதில்லை. தேங்க்ஸ்கிவிங் பண்டிகையின் தேதியையே இவர்களுக்காக ஒரு முறை நகர்த்தியிருக்கிறார்கள். ஆபிரகாம் லிங்கன் 1863-ல் நவம்பர் மாதக் கடைசி வியாழன் என்று அறிவித்தார். அதற்காக வருஷக்கணக்கில் பத்திரிகையில் எழுதியும் கடிதம் போட்டும் நச்சரித்தவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பெண்மணி. (எல்.கே.ஜி.யில் எல்லாக் குழந்தையும் ஒப்பிக்கிற "மேரியின் ஆட்டுக்குட்டி" பாட்டு இவர் எழுதியதுதான்!) 1939-ல் நவம்பருக்கு ஐந்து வியாழன்கள் வந்தன. கடைசி வியாழன் 30-ம் தேதி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் விற்க நாள் போதாதே என்று கடைமுதலாளிகள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னே இழுத்தார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் புதுத் தேதியில் கொண்டாடின, மற்றவை பழைய தேதியை விடவில்லை. ஒரே நாட்டில் இரண்டு தேங்க்ஸ்கிவிங். கடைசியில் 1941-ல் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடிவு கட்டினார்கள். தீபாவளியை ஜவுளிக்கடைக்காரர்கள் கேட்டார்கள் என்று போன வாரத்துக்கு மாற்றினால் எப்படி இருக்கும்!

பிளாக் ஃப்ரைடே என்ற பெயர்கூடக் கடைக்காரர்கள் வைத்ததில்லை. 1950-களிலும் 60-களிலும் ஃபிலடெல்ஃபியா போலீஸ்காரர்கள் கடுப்பில் வைத்த பெயர். வியாழன் பண்டிகை, சனிக்கிழமை பெரிய கால்பந்தாட்டம், நடுவில் வெள்ளிக்கிழமை ஊரே கடைத்தெருவில். லீவு போட முடியாது, போக்குவரத்து நகராது. கறுப்பு வெள்ளி என்றார்கள். வியாபாரிகளுக்கு அது பிடிக்காமல் "பெரிய வெள்ளி" என்று மாற்றப் பார்த்தார்கள், எடுபடவில்லை. நஷ்டத்தில் ஓடும் கணக்கு அன்றைக்குத்தான் சிவப்பு மையிலிருந்து கறுப்பு மைக்கு வருகிறது என்று இப்போது சொல்கிறார்களே, அது 1980-களில் ஒட்டவைத்த கதை. வசவாகப் பிறந்த பெயருக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துக் கல்யாணம் பண்ணிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 2011-ல் பெரிய கடைகள் நள்ளிரவிலேயே திறந்தன. சில கடைகள் வியாழன் இரவு பத்துக்கு. அடுத்த வருஷம் எட்டு மணி. அதற்கடுத்த வருஷம் ஆறு மணி. ஆறு மணி என்றால் பல வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் இன்னும் உட்கார்ந்திருக்கும் நேரம். ஜனங்கள் கேட்கிறார்கள், நாங்கள் திறக்கிறோம் என்றார்கள் கடைக்காரர்கள். பில் போடுகிற பெண்ணும் லாரியிலிருந்து சரக்கு இறக்குகிற பையனும் ஜனங்களில் சேர்த்தி இல்லை போலும். 2020-ல் கொரோனா வந்தது. வியாழக்கிழமை கடையை மூடினார்கள். வானம் இடிந்து விழவில்லை. 2021-ல் டார்கெட் நிறுவனம் இனிமேல் தேங்க்ஸ்கிவிங் அன்று எப்போதுமே மூடியிருப்போம் என்று அறிவித்தது. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் ஆகிய மூன்று மாநிலங்களில் பெரிய கடைகள் அன்றைக்குத் திறக்கவே முடியாதபடி பழைய சட்டம் இருக்கிறது. அந்த மாநிலத்துக்காரர்கள் டி.வி. இல்லாமலா இருக்கிறார்கள்?

இதில் தமிழ்ப் பசங்களுக்கும் பங்கு உண்டு. 2000-களில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனவர்களுக்குப் பிளாக் ஃப்ரைடே என்பது முதல் செமஸ்டரின் ஐந்தாவது பாடம். சீனியர் சொல்லிக்கொடுப்பார். ரூம்மேட் நாலு பேரும் ஷிஃப்ட் போட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடை வாசலில் நிற்பார்கள். லேப்டாப், ஹார்ட் டிஸ்க், அப்புறம் எதற்கென்றே தெரியாமல் ஒரு பிரிண்டர். ரிபேட் உண்டு என்று பார்கோடைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பிவிட்டு இரண்டு மாசம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடுவார்கள். உதவித்தொகையில் காலம் தள்ளுகிற பையனுக்கு நூறு டாலர் மிச்சம் என்பது சாதாரணமில்லை. அவனைப் பார்த்து நுகர்வு வெறி என்று சிரிக்கிறவர்களுக்குப் பசி தெரியாது.

ஆனால் அவனிடம் ஒன்று கேட்கலாம். அந்த வியாழக்கிழமை வெளிநாட்டு மாணவர்களைத் தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும் குடும்பங்கள் எல்லாப் பல்கலைக்கழக ஊரிலும் உண்டு. முன்பின் தெரியாத பையன்களுக்காக ஒரு வயதான அம்மா இரண்டு நாளாகச் சமைத்திருப்பார். சைவம் என்றால் தனியாக ஏதோ செய்து வைத்திருப்பார். பை அடுப்பிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது, ஆறட்டும் என்கிறார். பசங்கள் வாட்சைப் பார்க்கிறார்கள். "ஸாரி ஆன்ட்டி, வரிசைக்குப் போகணும்." வருஷத்துக்கு ஒரு தரம் அந்நியன் வீட்டுக்கதவு தானாகத் திறக்கிற நாள் அது. அதை விட்டுவிட்டு உடைக்க வேண்டிய கதவைத் தேடிப் போவது எவ்வளவு டாலர் மிச்சம்?

இப்போது சென்னை மால்களிலும் இந்திய இணையக் கடைகளிலும் பிளாக் ஃப்ரைடே போர்டு தொங்குகிறது. மறுநாள் மட்டும் கப்பலேறி வந்துவிட்டது, முந்தின நாள் வரவில்லை!

பிழைக்க யோசனை வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று போதும். அக்டோபரில் ஒரு தாளில் தேவையானதை எழுதி, பக்கத்தில் அன்றைய விலையையும் எழுதி வைப்பது. நவம்பரில் அந்தத் தாளைப் பார்த்தாலே பாதித் தள்ளுபடிகளின் சாயம் வெளுத்துவிடும். மீதியை வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம்.

ராத்திரி மிச்சமாகிறதே, அதை என்ன செய்வது? பை செய்யலாம். பை என்றால் தூக்கிக்கொண்டு போகிற பை இல்லை, பரங்கிக்காய்ப் பை.

பரங்கி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காக்காரன் டப்பாவில் அடைத்து விற்கிற பரங்கி விழுதில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற ஊர்ப்பக்கம் விளைவது. அந்த ரகமும் ஊரில் கூட்டும் புளிக்குழம்பும் வைக்கிற பரங்கியும் ஒரே இனம். (கோயமுத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய்.) அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி ஊர் சுற்றி வந்த காய். பரங்கி என்ற பெயரிலேயே வெளியூர்க்காரன் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஹாலோவீனுக்கு முகம் செதுக்குகிற பெரிய ஆரஞ்சுப் பூசணி வேறு இனம், தண்ணியும் நாருமாக இருக்கும். அதைச் சமைத்து ஏமாறாதீர்கள்.

டப்பா இல்லையென்றால் காயை இரண்டாக வகிர்ந்து, விதை எடுத்து, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் சுட்டு, மசித்து, துணியில் கட்டித் தண்ணீர் வடிய விட வேண்டும். 425 கிராம் விழுது போதும். இரண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு, ஒரு டப்பா சுண்டக் காய்ச்சிய பால் (சர்க்கரை போடாதது, மில்க்மெய்ட் ஊற்றிவிட்டு அப்புறம் அழக்கூடாது). ஒரு ஸ்பூன் பட்டைப் பொடி, அரை ஸ்பூன் சுக்குப் பொடி, கால் ஸ்பூன் கிராம்புப் பொடி, விருப்பமிருந்தால் துருவின ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. "பம்ப்கின் ஸ்பைஸ்" என்று குட்டிப் புட்டியில் விற்பது இவ்வளவுதான். பிரியாணிக்கு வாங்கி வைத்ததில் பாதி. இதன் பெயரைச் சொல்லி ஸ்டார்பக்ஸ் 2003-லிருந்து காபி விற்கிறது. 2015 வரை அந்தக் காபியில் பரங்கி ஒரு துளிகூடக் கிடையாது. ஆக, பண்டிகையின் வாசனையையும் பிடித்துப் புட்டியில் அடைத்தாகிவிட்டது. வீட்டில் பை செய்வதால் யாரும் கடைக்காரனை ஜெயித்துவிடப் போவதில்லை. பை நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அடியில் போடுகிற மாவுக்கு ஒன்றேகால் கப் மைதா, நூற்றுப்பதினைந்து கிராம் வெண்ணெய், மூன்று நாலு மேஜைக்கரண்டி ஐஸ் தண்ணீர். வெண்ணெய் கல் மாதிரி சில்லென்று இருக்க வேண்டும். சப்பாத்தி பிசைந்த கைக்கு இது பெரிய சோதனை. பிசையவே கூடாது. விரல் நுனியால் உதிர்த்து, தண்ணீர் தெளித்து, ஒன்றாகச் சேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். பிசைந்தால் தட்டை மாதிரி கடக்கென்று ஆகிவிடும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, திரட்டி, தட்டில் பரப்பி, கலவையை ஊற்றி, 220 டிகிரியில் கால் மணி நேரம், அப்புறம் 175-க்குக் குறைத்து நாற்பது ஐம்பது நிமிஷம். முட்டை வேண்டாமென்றால் சோளமாவு கரைத்து விடலாம், கொஞ்சம் கூழ்த்தன்மை வரும்.

அவசரக்காரர்கள் தோற்கிற இடம் கடைசியில்தான். ஓரம் கெட்டியாகி, நடு மட்டும் லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். இன்னும் வேகவில்லையே என்று பதறி உள்ளே விட்டால் முட்டை இறுகி, நடுவில் வெடித்து, தண்ணீர் விட்டுக்கொள்ளும். உள்ளே இருக்கிற சூட்டிலேயே மீதி தானாக வெந்துவிடும். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் செய்ய வேலை ஒன்றுமில்லை. வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம். ஏழு மணிக்கு எடுத்தால் ஒன்பது மணிக்கு வெட்டலாம். மிச்சம் ஃப்ரிட்ஜில். மறுநாள் காலை காபியோடு அது இன்னும் நன்றாக இருக்கும். எட்டரைக்கு எழுந்தால் போதும்.